ஆடிக் காற்றைக் கேட்டுத் தோட்டம் போடுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டி மூன்று வருஷம் ஆகிறது. கிழக்குப் பார்த்த வாசல். முன்னால் 10 அடி, புறவாசலில் 17 அடி இடம் கிடக்கிறது. வரிசை கட்டி நிற்கிற தொட்டிச் செடிகள் அலுத்துவிட்டன. காட்டில் இருப்பது போல இயல்பாகவும், வருஷம் முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கும்படியும் ஒரு தோட்டம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் செழிப்பாக நிற்கிறது. ஆடி பிறந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கருகுகிறது. போர் தண்ணீர் லேசாக உப்பு. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் இருக்கும் செடிகளில் பாதி ஊட்டியில் இருக்க வேண்டியவை. மீதி நல்ல செடிகள்தான், ஆனால் தப்பான பக்கத்தில் நிற்கின்றன.

தோட்டப் புத்தகங்களில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவம் போட்டிருப்பார்கள். அதை மூடி வைத்துவிடுங்கள். நம் ஊருக்கு வேறு நான்கு உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மார்கழியிலிருந்து மாசி வரை பனி. பங்குனி முதல் வைகாசி வரை வெயில். ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை காற்று. வெயிலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். உங்கள் செடிகளைத் தின்றது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும்போதே கையில் இருந்த ஈரத்தை மலைப்பக்கம் இறக்கிவிடுகிறது. குற்றாலத்துக்குச் சாரல், நமக்குப் புழுதி. அந்த வறண்ட காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. காலையில் ஊற்றிய செம்பருத்தி மூன்று மணிக்குத் தலை தொங்குவதும், இலை ஓரம் மட்டும் பழுப்பாகச் சுருள்வதும் இதனால்தான். வாடுகிறதே என்று நீங்கள் தினம் இரண்டு வேளை தெளிக்க, உப்பும் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது அந்த உப்புதான்.

எந்தச் செடி வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ஏதாவது ஒரு பொத்தையை, அதாவது சிறு பாறைக்குன்றை, போய்ப் பாருங்கள். வெட்டவெளியில் எதுவும் பெரிதாக நிற்காது. ஒரு பாறை இருக்கும். அதன் கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஏழெட்டுச் செடிகள் நெருக்கியடித்து நிற்கும். மேற்கே நிற்பது முரடு, அதற்குப் பின்னால் மெலிசு, காலடியில் புல். அப்புறம் கொஞ்ச தூரம் வெறும் சரளை. அடுத்த பாறை, அடுத்த கூட்டம். இயற்கையான தோட்டம் என்றால் கண்டபடி வளரவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அடுக்கு முறையைப் பார்த்து எழுதுவதுதான் அது. உங்கள் வீடே ஒரு பெரிய பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

முரடு புறவாசலுக்கு. மேற்குச் சுற்றுச்சுவர் ஓரமாக நொச்சியும் ஆடாதோடையும் கலந்து உயிர்வேலி போடுங்கள். சுவர்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறி, உள்ளே சுழன்று விழும். அது இன்னும் மோசம். வேலிச்செடியோ காற்றைச் சல்லடை போல வடிகட்டி வேகத்தைக் குறைத்து விடுகிறது. சுவருக்கு மேல் மூன்று நான்கு அடி உயர்ந்துவிட்டால் போதும், வித்தியாசம் தெரியும்.

மரம் ஒன்றே ஒன்று. சரக்கொன்றை கேட்டிருந்தீர்கள். இந்த இடத்துக்கு நான் புங்கைதான் சொல்வேன். தென்மேற்கு மூலையில், வீட்டுச் சுவரிலிருந்து 12 அடி தள்ளி வையுங்கள். மாலை வெயிலையும் மறைக்கும், உப்புக்கும் சமாளிக்கும். வெயில் காலத்துக்கான காட்சியும் இதுவே. பழைய இலை கொட்டி, ஊரே காய்ந்து கிடக்கிற பங்குனியில், எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் இளந்தளிர் விடும். சித்திரையில் தரையெல்லாம் பொரி இறைத்தது போலப் பூ. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை என்பார்; கூட்டித் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். அந்தச் சருகு உங்களுக்கு மூடாக்குக்கு, அதாவது செடியின் காலடி மண்ணை மூடிவைக்க, வேண்டும்.

மெலிசான செடிகளெல்லாம் முன்வாசலுக்கு. ஆடியில் வீடே அவற்றுக்கு மறைப்பு. பிச்சி, கனகாம்பரம், மல்லி மூன்றையும் அங்கே கொண்டுவந்துவிடுங்கள். மல்லிக்கு மார்கழியில் கவாத்து செய்தால்தான் பங்குனியிலிருந்து பூக்கும். ஆனால் வெட்டிய மல்லி இரண்டு மாதம் மொட்டைக் குச்சியாக நிற்கும், வாசலுக்கு நேரே பார்க்கச் சகிக்காது. அதற்கு முன்னால் டிசம்பர் பூவை நெருக்கமாக வையுங்கள். மல்லி ஓய்கிற நேரத்தில் அது கத்திரிப்பூ நிறத்தில் பூத்துக் குலுங்கி, பின்னால் இருப்பதை மறைக்கும். தை முடிந்து அது ஓய்ந்ததும் ஒட்ட வெட்டிவிட்டால் மல்லி முன்னுக்கு வரும். ஒன்று ஓய்கிற இடத்தில் இன்னொன்று எழுகிற இந்த ஏற்பாடு நாலைந்து இடத்தில் அமைந்துவிட்டால், வருஷம் முழுக்க என்று நீங்கள் கேட்டது தானாக வந்துவிடும்.

இன்னொரு ஜோடி நொச்சி வேலியில். புரட்டாசியில் நொச்சியின் கிளைகளைக் கழித்துவிடுங்கள். அதன் காலடியில் செங்காந்தள் கிழங்கு இருந்தால், மழை பெய்து மண் நனைந்ததும் கொடி ஏறும். இலையின் நுனியே சுருண்டு கம்பியாகிக் குச்சியைப் பிடித்துக்கொள்வதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூ பச்சையாகத் திறந்து, மஞ்சளாகி, நாலைந்து நாளில் நெருப்புச் சிவப்பாகும். கார்த்திகைப் பூ என்றே இதற்கு ஒரு பெயர். பிறகு கொடி காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். செத்துவிட்டது என்று தோண்டிப் போட்டுவிடாதீர்கள். கிழங்கு கடும் விஷம். தவழுகிற பிள்ளைகள் இருக்கிற வீடானால் இந்த யோசனையே வேண்டாம்.

பவளமல்லி ஒன்று கட்டாயம். ஆவணியிலிருந்து மழை முடிய, விடியும் முன்பே உதிர்ந்து கிடக்கும். பூவின் அழகு தரையில்தான் என்பதால் அதன் கீழே மூடாக்கு போடாமல், பெருக்கிய மண்ணாக விடுங்கள். நான் இதைப் பைக் நிறுத்துகிற சிமெண்டுத் தரை ஓரத்தில் வைத்தேன். ஆறு வருஷமாகப் பூவெல்லாம் டயருக்கு.

சரி, ஆடியில் பார்க்க என்ன இருக்கும்? புறவாசலில் வேலிக்கு முன்னால் இரண்டு பெரிய கல் போட்டு, பக்கத்தில் ஆவாரம் ஒன்றும் வெட்டிவேர் மூன்று தூரும் வையுங்கள். வெட்டிவேர் ஆழமாக வேர் விடும், வறட்சிக்கு அசையாது. அந்தக் காற்றில் அது புரண்டு புரண்டு ஆடுவதைத் திண்ணையிலிருந்து ஒரு மாலை பார்த்துவிட்டால் ஆடி மாதத்தின் மேல் உங்களுக்குக் கோபம் குறையும்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் மருந்து அடிக்காதீர்கள். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கொஞ்ச நாளில் பச்சையாக மாறும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் காட்டும். பழைய ஆட்டுரல் மூலையில் கிடந்தால் அதையும் வெளியே எடுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், தவிட்டுக்குருவிகள் குளிக்க வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு. உண்ணிச்செடிக்கும் (லாந்தானா) வண்ணத்துப்பூச்சி வரும்தான், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டை அது எப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவர்கள் வீட்டில் வைக்க மாட்டார்கள்.

தண்ணீர் விஷயம். தினம் தெளிப்பதை விட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை வேர் வரை நனைய ஊற்றுங்கள். தூரைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் மட்டை) கவிழ்த்து அடுக்கி மேலே சருகு போட்டால் அந்த ஈரம் நிற்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. அதை மண்ணுக்குள் விட்டால் உப்பும் கீழே இறங்கும்.

நடுவதற்கு ஆடிப் பட்டம் வேண்டாம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரிக்காரர்கள் புரட்டாசியில்தான் விதைக்கிறார்கள். நீங்களும் புரட்டாசிக் கடைசியில் தொடங்குங்கள். நொச்சிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குளத்தங்கரையில் பெருவிரல் கனத்தில் ஒரு முழக் குச்சியாக நாற்பது ஒடித்துவந்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் சாய்த்து ஊன்றுங்கள். பத்து பட்டுப்போனாலும் மிச்சம் முப்பது வேலிக்குப் போதும்.