செட்டிநாட்டு மெனு கார்டுக்கு யோசனை எங்கே பிடிப்பது?

கேள்வி: காரைக்குடி உணவகம் ஒன்றுக்கு மெனு கார்டு வடிவமைக்கிறேன். பின்டரெஸ்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில்: காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய் டைல்ஸ் போடுவதைப் பாருங்கள். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறமாகக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளக்கும் முகம். நாலைந்து நிறத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும் கிரேடியன்ட்டுக்கு வழியே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை உங்கள் கார்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பல டிசைன்களில் ஒரு டைலில் கால் பூதான் இருக்கும். நான்கு சேர்ந்தால் முழுப் பூ. நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, கால் பூவை மட்டும் வெக்டராக (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படமாக) வரைந்து திருப்பித் திருப்பி அடுக்குங்கள். ஓரத்துக்கு மட்டும் போதும். பின்னணி முழுக்கப் பரப்பினால் விலை கண்ணில் படாது.

மாளிகைக் கதவுப் படம் வேண்டாம், எல்லாரும் போட்டுத் தேய்த்தாயிற்று. கண்டாங்கிச் சேலைக் கட்டம் எவ்வளவோ மேல்.

எழுத்தில் கவனம்: தமிழ் எழுத்து ‘சீ’ போல மேலேயும், ‘கு’ போலக் கீழேயும் என்று இரண்டு பக்கமும் நீளும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி போதாது. ‘கும்மாயம்’, ‘சீயம்’ இரண்டையும் அடுத்தடுத்த வரியில் இட்டு, நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.