டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருந்தால் நம்பி வாங்கலாமா?

படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு எரிபொருளோடு கலந்து ஊற்றும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) முத்திரை இருந்தால் தரம் உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். புது எஞ்சின் வாங்கிவிட்டு, விலை கூடின ஆயிலா குறைந்த ஆயிலா என்று கடை வாசலில் நிற்கிறீர்கள் போல. அந்த வாசலில் நானும் நின்றவன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரை ஊர் எங்களுக்கு. வள்ளத்தில் 9.9 குதிரைசக்தி எஞ்சின், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. அப்பா எப்போதும் பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலைத்தான் கலப்பார். நடுக்கடலில் பிளக்கைக் கழற்றித் துடைப்பது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி. படித்த திமிரில் நான் பாடம் எடுத்தேன். பைக் ஆயிலில் உலோகம் சேர்ந்த மருந்து உண்டு, எரிந்தால் சாம்பல் மிஞ்சும். காற்றில் ஆறுகிற சூடான எஞ்சினுக்கு அது சரி. தண்ணீர் ஓடிக் குளிர்கிற அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் போய் உட்காரும். சாம்பல் தராத டிசி-டபிள்யூ3 வந்ததே அதற்காகத்தான். இது இன்றைக்கும் சரியான பேச்சுதான். டிசி-டபிள்யூ3 என்று பார்த்து நான் வாங்கின டப்பாதான் சரியில்லை.

இரண்டே மாதம். ராத்திரி வலை விட்டுக் கிடக்கும்போது எஞ்சின் இறுகி நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. அளவு தப்பாகக் கலந்திருப்பாய் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். எஞ்சின் புத்தகத்தில் எரிபொருள் 50-க்கு ஆயில் 1, அதாவது பத்து லிட்டருக்கு 200 மில்லி. பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி அளந்துதான் ஊற்றினேன்.

அப்படி மிதந்து கிடந்த நேரத்தில் ஒரு விசைப்படகு எங்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் அவர்கள் வரக்கூடாது என்று 1983-லேயே சட்டம் போட்டாயிற்று. எங்களுக்குக் கரை விளக்கு நன்றாகவே தெரிந்தது. புகார் எழுதிக் கொடுத்தோம், படகு நம்பர் என்ன என்று கேட்டார்கள். இருட்டில் என்ன நம்பர்? சரி, அதை விடுங்கள்.

மாமாவின் வள்ளம் வந்து கட்டி இழுத்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார், பிஸ்டன் ரிங் எல்லாம் கரியில் ஒட்டிக் கிடந்தது, சிலிண்டரில் கோடு கோடாகக் கீறல். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, இதுல நம்பர் எங்கே?" என்றார்.

அப்போதுதான் தெரியும். அந்த முத்திரையைக் கொடுப்பது என்எம்எம்ஏ என்ற அமெரிக்கக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம். எஞ்சினில் ஓட்டி, ரிங் ஒட்டுகிறதா, பிளக் கெடுகிறதா, துருப்பிடிக்கிறதா, மைனஸ் 25 டிகிரியிலும் பெட்ரோலோடு கலக்கிறதா என்றெல்லாம் பார்த்து (நம்ம கடலுக்கு அது எதற்கு என்று நானும் சிரித்தேன்), தேறின ஆயிலுக்கு ஆர்எல் என்று தொடங்கும் பதிவு எண் தருவார்கள். என் டப்பாவில் இருந்தது 'டிசி-டபிள்யூ3 எஞ்சின்களுக்கு ஏற்றது' என்ற ஒரு வரி மட்டும். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அதனால் முத்திரையையே பொய் என்று சொல்ல மாட்டேன். அது 'இதற்குக் கீழே போகாது' என்கிற கோடு. அதைத் தாண்டின இரண்டு ஆயிலில் எது மேல் என்று அது சொல்லாது. சோதனை ஓட்டமும் பெட்ரோலில்தான், எங்களைப் போல மண்ணெண்ணெய் ஓட்டுகிறவனுக்கு அதில் பாதி பதில்தான் இருக்கிறது. காலி டப்பாவில் வேறு எதையாவது நிரப்பி விற்றால் அந்தச் சங்கம் வந்து பார்க்கப் போவதும் இல்லை.

நான் இப்போது பதிவு எண்ணைப் பார்த்து, அந்தச் சங்கம் வெளியிடும் பட்டியலில் ஒப்பிட்டு, சீல் உடையாத டப்பாவாகப் பில்லோடு வாங்குகிறேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள், விளம்பரம் என்பார்கள். அப்பா இன்னும் பிளக் ஸ்பேனரை வள்ளத்தில் இருந்து எடுக்கவில்லை.