உயரப் பறக்கும் பலூன் ஏன் வெடிக்கிறது? அதில் கட்டிய பெட்டி எப்படிப் பத்திரமாக இறங்குகிறது?

ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூனில் கேமரா, ஜிபிஎஸ் வைத்த பெட்டியைக் கட்டி சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். ஊட்டி மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதுபோலப் பலூனும் உப்பிக்கொண்டே போய் வெடிக்கும்.

பாராசூட்டை மடித்து வைக்காமல், பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவில் தொங்கவிடுவார்கள். விழத் தொடங்கியதும் காற்று புகுந்து தானே விரியும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பெட்டி முதலில் வேகமாக விழும், தரை நெருங்கும்போது நொடிக்கு 5 மீட்டர் அளவுக்குத் தணியும்.

விமானப் போக்குவரத்து அனுமதி கட்டாயம். காற்றுக் கணிப்பில் இறங்குமிடம் ஊருக்குள்ளோ நெடுஞ்சாலையிலோ வந்தால், அன்றைக்கு விடவே கூடாது.

அப்புறம், நிறைய வாயு அடைத்தால் இன்னும் உயரம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேகமாக ஏறி, தாழ்வான உயரத்திலேயே வெடித்துவிடும்.