203 எப்படி 208 ஆனது? மாஸ்கோ மையத் தொகுதியின் தேர்தல் வரலாறு

கேள்வி: ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தல்கள் பற்றிய ஆய்வேட்டுக்காக மாஸ்கோவின் மையத் தொகுதியை எடுத்துக்கொண்டு, 1993 முதல் 2021 வரை யார் வென்றார் என்று அட்டவணை தயாரிக்கிறேன். ஒரு பட்டியலில் தொகுதியின் எண் 203, இன்னொன்றில் 208. 2007, 2011 ஆண்டுகளுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. ஆனால் கோன்சார் என்ற உறுப்பினர் அந்த ஆண்டுகளிலும் நாடாளுமன்றத்தின் கீழவையான டூமாவில் இருந்திருக்கிறார். 2021-இல் மித்ரோகின் முன்னிலை என்று ஒரு செய்தி சொல்கிறது, லியோனோவ் வெற்றி என்று மற்றொன்று சொல்கிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: உங்களிடம் உள்ள பட்டியல்கள் இரண்டும் சரியானவைதான். 1995, 1999, 2003 தேர்தல்களில் மையத் தொகுதிக்கு எண் 203. 2016, 2021 தேர்தல்களில் அதற்கு எண் 208. ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் நகரின் வேறு மூலைக்குப் போய்விடுவீர்கள். 2016 பட்டியலில் 203 என்பது மாஸ்கோவின் தெற்கிலுள்ள ஓரெகவோ-பரீசவோ தொகுதி. ரஷ்யத் தொகுதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். நாடு முழுவதும் 225 தொகுதிகள். முதலில் குடியரசுகள் ரஷ்ய அகரவரிசையில் வரும். அதனால்தான் அதிகேயாவுக்கு எண் 1. பிறகு பிரதேசங்கள், மாகாணங்கள், அதற்குப் பின் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் போன்ற கூட்டாட்சி நகரங்கள், கடைசியாகத் தன்னாட்சிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தொகுதிகள் மறுபடி பெயரின் அகரவரிசையில் நிற்கும். மாஸ்கோவின் 15 தொகுதிகளில் முதலாவது பாபுஷ்கின்ஸ்கி. மையத் தொகுதியின் ரஷ்யப் பெயர் ட்சென்ட்ரால்னி. அதன் முதலெழுத்து ரஷ்ய நெடுங்கணக்கின் கடைப்பகுதியில் வருவது. அதற்குப் பின்னால் செர்யோமுஷ்கி, செர்த்தானவோ என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே மிச்சம். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் மையத் தொகுதி பதின்மூன்றாவது. அப்போது மாஸ்கோவின் வரிசை 191-இல் தொடங்கியது, இப்போது 196-இல் தொடங்குகிறது. உங்கள் தொகுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கு மேலே உள்ளவைதான் ஐந்து கூடின.

ஏன் கூடின? 2005-க்கும் 2008-க்கும் இடையில் ஆறு தன்னாட்சி வட்டாரங்கள் அண்டைப் பகுதிகளோடு இணைக்கப்பட்டன. பட்டியலின் வால்பகுதியில் அவற்றுக்கென்று இருந்த இடங்கள் போய்விட்டன, மொத்தம் 225 மாறாததால் அவை வேறு பகுதிகளுக்குப் பிரிந்தன. 2014-இல் ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட கிரீமியாவுக்கு 2016-இல் மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. இந்த இணைப்பைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. ஆனால் ரஷ்யச் சட்டத்தில் அது குடியரசு என்பதால் பட்டியலின் மேற்பகுதியில் நுழைந்து, கீழே இருந்தவற்றை எல்லாம் தள்ளிவிட்டது. இவற்றோடு, வாக்காளர் தொகையை வைத்து இடங்களைப் பங்கிட்டதிலும் மாற்றங்கள் வந்தன.

பெயரையும் முழுதாக நம்பாதீர்கள். 2003 பட்டியலில் பல்கலைக்கழகத் தொகுதி என்று ஒன்று உண்டு, எண் 201. 2016-இல் அந்தப் பெயரே இல்லை. மாறாக, புதிய மாஸ்கோ என்ற பெயரில் ஒரு தொகுதி வந்திருக்கிறது, 2012 ஜூலையில் நகர எல்லை தென்மேற்கே வெகுதூரம் விரிக்கப்பட்டதன் விளைவு அது. ஒரு நகரத்துக்கு அதே 15 இடங்கள், ஆனால் உள்ளே புதிய நிலப்பரப்பு என்றால் பழைய பெயர் தாங்கிய தொகுதிகளின் எல்லைகளும் நகர்ந்தே தீரும். மையத் தொகுதியை எடுத்தது உங்கள் நல்ல காலம். அர்பாத், தகான்ஸ்கி, ப்ரெஸ்னென்ஸ்கி, ஹமோவ்னிகி முதலான வட்டங்கள் கொண்ட மைய நிர்வாகப் பகுதிதான் அதன் உடம்பு. இருந்தாலும் ஓரங்களைச் சரிபார்த்தாக வேண்டும். ஒவ்வொரு மறுவரையறைச் சட்டத்தின் இணைப்பிலும் எந்தெந்த வட்டங்கள் எந்தத் தொகுதியில் என்று எழுதியிருக்கும். அதை அட்டவணையில் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) குறித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் 2003 வாக்கு எண்ணிக்கையையும் 2016 வாக்கு எண்ணிக்கையையும் கழித்துப் பார்த்து "ஆதரவு குறைந்தது" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே உங்களை நிறுத்திவிடுவார்.

இனி ஆட்களுக்கு வருவோம். 1993 டிசம்பர் 12 அன்று மாஸ்கோவின் மையத்தில் வென்றவர் அர்த்தியோம் தராசோவ், சோவியத் காலத்தின் இறுதியில் சட்டப்படியே கோடீஸ்வரர் ஆனவர் என்று பெயர் பெற்ற கூட்டுறவுத் தொழிலதிபர். நிக்கோலாய் கோன்சாரும் அன்றைய தேர்தலில் வென்றார் என்று சில குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அவர் வென்றது மேலவையான கூட்டாட்சி அவைக்கு. அந்த ஒரே ஒருமுறைதான் மேலவைக்கும் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள், மாஸ்கோ முழுவதும் இரண்டு உறுப்பினர் கொண்ட ஒரே தொகுதியாக இருந்தது. அதே நாளில் புதிய அரசியலமைப்புக்கான பொதுவாக்கெடுப்பும் நடந்தது. ஆகவே 1993 வரிசையில் கோன்சாரை எழுதக் கூடாது. அவர் டூமாவுக்கு மையத் தொகுதியிலிருந்து வந்தது 1995-இல். 1999-இலும் 2003-இலும் அதே தொகுதியில் மறுபடி வென்றார்.

இந்தக் காலகட்டத்துக்கு அட்டவணையில் ஒரு தனிப் பத்தி கட்டாயம் வேண்டும்: 'அனைவருக்கும் எதிராக' விழுந்த வாக்கு. அன்று வாக்குச்சீட்டின் அடியில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அதற்கு எந்த வேட்பாளரையும்விட அதிக வாக்கு விழுந்தால் அந்தத் தொகுதியின் தேர்தலே செல்லாது, மறுதேர்தல் நடத்த வேண்டும். 1999-இல் எட்டுத் தொகுதிகளிலும் 2003-இல் மூன்று தொகுதிகளிலும் அப்படியே நடந்தது. வாக்குப்பதிவு 25 சதவீதத்தைத் தொடாவிட்டாலும் தேர்தல் செல்லாது. இந்த இரண்டு விதிகளும் 2006-இல் நீக்கப்பட்டன. மக்கள் கையில் இருந்த ஒரு கருவி பறிபோன ஆண்டு என்றே நான் அதைப் பார்க்கிறேன். உங்கள் அட்டவணையில் அந்தப் பத்தி 2003-உடன் நின்றுபோவதைப் பார்க்கும் எவருக்கும் அது புரியும்.

இடைத்தேர்தல்களுக்கும் இடம் விட்டு வையுங்கள். ஏன் என்பதற்கு மேலே சொன்ன பல்கலைக்கழகத் தொகுதியே சான்று. அதன் உறுப்பினர் மிகைல் சதோர்னவ் 2005-இல் வங்கிப் பணிக்குப் போய்விட, இடம் காலியானது. சிறையில் இருந்த எண்ணெய் அதிபர் மிகைல் கதர்கோவ்ஸ்கி அங்கே நிற்கப்போவதாக ஆகஸ்ட் இறுதியில் அறிவித்தார். அவருக்கு மே மாதத்திலேயே தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் மேல்முறையீடு முடியும்வரை அது நடைமுறைக்கு வராது, அதுவரை நிற்கும் உரிமையும் இருந்தது. செப்டம்பர் 22 அன்று மாஸ்கோ நகர நீதிமன்றம் ஒரே நாளில் மேல்முறையீட்டை விசாரித்து முடித்தது. தண்டனை ஒன்பது ஆண்டிலிருந்து எட்டாகக் குறைந்தது, ஆனால் உறுதியானது. தீர்ப்பின்படி சிறையில் இருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பது அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவு. டிசம்பர் 4 இடைத்தேர்தலில் திரைப்பட இயக்குநர் ஸ்தனிஸ்லாவ் கவரூஹின் வென்றார், அங்கத எழுத்தாளர் விக்டர் ஷெந்தெரோவிச் தோற்றார். பொதுத்தேர்தல் வரிசைகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கதையே கண்ணில் படாது.

2007, 2011 வெற்றிடத்துக்குக் காரணம் எளிது: அப்போது தொகுதிகளே இல்லை. 2004 செப்டம்பரில் பெஸ்லான் பள்ளிப் படுகொலை நடந்த சில நாள்களில் புதின் அறிவித்த மாற்றங்களில் ஒன்று இது. 2005-இல் சட்டமாகி, 450 இடங்களும் கட்சிப் பட்டியலுக்கு, அதாவது கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி இடங்களைப் பங்கிடும் முறைக்குப் போயின. இந்தப் பங்கீட்டில் இடம் பெற ஒரு கட்சி 7 சதவீத வாக்கு என்ற தடுப்பு வரம்பைத் தாண்ட வேண்டும். சுயேச்சையாக நிற்க வழியே இல்லை. கோன்சார் இந்த இரண்டு முறையும் டூமாவுக்குள் வந்தது ஐக்கிய ரஷ்யா கட்சியின் பட்டியல் வழியாக. அவரை மையத் தொகுதியின் உறுப்பினர் என்று எழுதினால் பிழை. வரிசைகளை நீக்கிவிட்டாலும் பிழைதான். "தொகுதி இல்லை, பட்டியல் முறை" என்று எழுதி அப்படியே வைத்திருங்கள். ஒன்பது ஆண்டுகள் அந்த மக்களுக்கென்று தனி உறுப்பினர் இல்லாமல் இருந்ததும் அந்தத் தொகுதியின் வரலாறுதான்.

2014 பிப்ரவரியில் கலப்பு முறை மீண்டும் சட்டமானது: பாதி பட்டியல், பாதி தொகுதி, தடுப்பு வரம்பு 5 சதவீதம். 2015 நவம்பரில் புதிய தொகுதி வரையறை வந்தது. சராசரியாக ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 88 ஆயிரம் வாக்காளர்கள். எவ்வளவு சிறிய பகுதிக்கும் ஓர் இடமாவது உண்டு என்பதால் சில பத்தாயிரம் வாக்காளர் மட்டுமே உள்ள நெனெத்ஸ் வட்டாரமும் ஒரு தொகுதி. பல மாகாணத் தலைநகரங்களைப் பூவிதழ்போலக் கூறுபோட்டு, ஒவ்வோர் இதழிலும் கிராமப்புறத்தைச் சேர்த்து வரைந்தார்கள். ரஷ்யாவில் அவற்றை இதழ்த் தொகுதிகள் என்றே சொல்கிறார்கள். எதிர்ப்பு வாக்கு நகரத்தில் திரளுவதை அது நீர்த்துப்போகச் செய்தது என்பது என் கருத்து. மாஸ்கோவின் மையம் இந்த வெட்டுக்குத் தப்பியது. 2016-இல் அங்கே வரலாற்றாசிரியர் அந்திரேய் சுபோவ், சுயேச்சையாக மரியா பரோனவா எனப் பலர் நின்றும், கோன்சார் மறுபடி வென்றார். எண் 208 அப்போது வந்ததுதான்.

கடைசியாக, உங்களைத் தூங்கவிடாத 2021. வாக்குப்பதிவு செப்டம்பர் 17 முதல் 19 வரை மூன்று நாள் நடந்தது. மாஸ்கோவில் இணைய வாக்கும் உண்டு, ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அளித்த வாக்கைத் திரும்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. காகித வாக்குகள் அன்றிரவே எண்ணப்பட்டன. மையத் தொகுதியில் யாப்லகோ கட்சியின் முன்னாள் தலைவர் செர்கேய் மித்ரோகின் முன்னிலையில் இருந்தார். பக்கத்துக் குன்த்செவோவில் கணித ஆசிரியர் மிகைல் லபானவ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னே நின்றார். இணைய வாக்குகளின் முடிவு மறுநாள்தான் வந்தது. அதைச் சேர்த்ததும் இருவருமே தோற்றார்கள். மையத்தில் வென்றவர், மேயர் சோபியானினின் ஆதரவு பெற்ற ஒலெக் லியோனோவ். மாஸ்கோவின் 15 தொகுதிகளிலும் சோபியானின் ஆதரித்தவர்களே வென்றார்கள். வழக்குகள் தொடுக்கப்பட்டன, முடிவுகள் மாறவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு செய்திகளும் வெவ்வேறு நேரத்தின் உண்மைகள். 2021-க்கு மூன்று பத்திகள் போடுங்கள்: காகித வாக்கு, இணைய வாக்கு, மொத்தம். வெற்றியாளர் என்ற கட்டத்தில் லியோனோவ். கட்சி என்ற கட்டத்தில் சுயேச்சை என்றே எழுதுங்கள். டூமாவுக்குள் போனபின் அவர் 'புதிய மக்கள்' கட்சியின் குழுவில் சேர்ந்தார், அதற்கு வேறு கட்டம். வேட்பாளரை நிறுத்திய தரப்பும் உள்ளே போய்ச் சேர்ந்த குழுவும் ரஷ்யாவில் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. தொண்ணூறுகளின் சுயேச்சைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

எண்களை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் 2021 முடிவுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். நகலெடுத்து உங்கள் அட்டவணையில் ஒட்டினால் வேறு குறிகள் வந்து விழும். எழுத்துருவைக் குலைத்து வெளியிட்டிருக்கிறார்கள், கணினியால் மொத்தமாக எடுத்து ஆராய முடியாதபடி. ஒட்டிய எண்ணை நம்பாமல், திரையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள், இன்னொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். 1995, 1999, 2003 ஆண்டுகளுக்கு ஆணையம் அச்சிட்ட தொகுப்புகள் உண்டு, பெரிய நூலகங்கள் வழியாகக் கேட்டுப் பெறலாம்.

தொகுதி வரையறை பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். அடுத்தது 2025-இல் வந்துவிட்டது. 2022-இல் ரஷ்யா தன்னுடையவை என்று அறிவித்த உக்ரைனியப் பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆய்வேடு 2026 தேர்தலையும் தொடுமானால் 208 என்ற எண் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்ளாமல், முதலில் அந்தச் சட்டத்தின் இணைப்பைத் திறந்து மாஸ்கோவின் வரிசை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள்.