1899-இல் சிவானி அணி ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது உண்மையா?

உண்மைதான். முதலில் ஒன்று: இது நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஃபுட்பால். முன்னோக்கிப் பந்தை எறிவதற்கு அப்போது அனுமதி கிடையாது. 1906-இல்தான் அது வந்தது. ஆக, எல்லாமே இடியும் தள்ளுமுள்ளும்தான்.

சிவானி என்பது டென்னசி மலைமேல் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி. வருமானப் பங்கு தகராறில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம் நின்றுபோக, கையில் காசு வேண்டுமே என்று மாணவ மேலாளர் லூக் லீ ஒரு ரயில் பயணத்தைத் திட்டமிட்டார். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர்!

நவம்பர் 9 அன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 12-0 என்று ஜெயித்தார்கள். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10-0. அதற்கும் மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. அப்புறம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யு.) அணியை 34-0, மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இன்றைய அணிகள் வாரத்துக்கு ஒன்று ஆடவே மூச்சு வாங்குகின்றன.

அந்தப் பருவம் முழுக்க 12 ஆட்டம், 12 வெற்றி; மொத்தம் 322-10. அந்தப் பத்துப் புள்ளியையும் எடுத்தது ஆபர்ன் அணி மட்டுமே. அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். சிறந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரருக்கு ஆண்டுதோறும் தரும் இன்றைய ஹைஸ்மன் கோப்பை அவர் பெயரில்தான். ஆபர்னுடனான அந்த ஆட்டம் 11-10, சிவானி அணி மயிரிழையில் தப்பியது.