மகன் நடிக்கப் போகிறேன் என்கிறான்: டப்ளினில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு

டப்ளினில் நர்ஸாக இருக்கிறீர்கள். மகன் லீவிங் சர்ட், அதாவது அயர்லாந்தின் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறான். மெடிசின் சேர எழுதும் எச்-பாட் தேர்வு கைகொடுக்கவில்லை. "பல்கேரியாவில் மெடிசின் சேர்த்துவிடு" என்று பெரியப்பா தினமும் வாட்ஸாப் அனுப்புகிறார்.

ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டை அடமானம் வைப்பதாக நீங்கள் எழுதிய வரி வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் பையனை ஆறு வருஷப் படிப்புக்குக் கடன் வாங்கி அனுப்பாதீர்கள், அம்மா. யோசனை பெரியப்பாவுடையது, தவணை உங்கள் நைட் டியூட்டியில் இருந்து போகும்.

லிர் அகாடமி என்ற டப்ளின் நடிப்புப் பள்ளி, ஆடிஷன் எல்லாம் உங்களைவிட அவனுக்கு நன்றாகவே தெரியும். நடிப்புக்குப் போக யாரும் பேசாத வழி ஒன்று உண்டு: பள்ளி ஆசிரியர் வேலை.

ஐரிஷ் நடிகர் பிரெண்டன் கிளீசனைப் பாருங்கள். 1955-இல் டப்ளினில் பிறந்தவர். வடக்கு டப்ளினின் பெல்கேம்ப் கல்லூரிப் பள்ளியில் ஆங்கிலமும் ஐரிஷும் சொல்லிக்கொடுத்தார். பகலில் வகுப்பு, மாலையில் பேஷன் மெஷின் (Passion Machine) என்ற நாடகக் குழுவோடு ஒத்திகை. வேலையை விட்டது 1991-இல், முப்பதுகளின் நடுவில். 'பிரேவ்ஹார்ட்' 1995, 'தி ஜெனரல்' 1998. சர்ச்சிலாக நடித்து எம்மி வாங்கியது 2009-இல். முதல் ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது வயது 67! கதாநாயகனுக்குத்தான் இருபத்திரண்டில் அவசரம். குணச்சித்திர நடிகருக்கு நாற்பதில்தான் முகம் கூடிவரும். எல்லாரும் கிளீசன் ஆகிவிட மாட்டார்கள் என்பதும் நிஜம். அதனால்தான் சம்பளம் வரும் வேலையைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. பி.ஏ.வில் ஆங்கிலத்தோடு இன்னொரு பள்ளிப் பாடம். பிறகு பி.எம்.இ. என்ற இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. அதன்பின் ஆசிரியர்களைப் பதிவுசெய்யும் டீச்சிங் கவுன்சிலில் பதிவு. டப்ளின் பள்ளிகள் ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செகண்டரி பள்ளிக்கு விடுமுறை. அது நாடகக்காரனுக்குப் பொன்னான காலம். போதாததற்கு 2025 செப்டம்பர் முதல் சில பள்ளிகளில் நாடகமும் சினிமாவும் லீவிங் சர்ட் பாடமாகவே வந்துவிட்டன.

வகுப்பறையே பிடிக்காது என்று அவன் சொன்னால் இதையும் திணிக்கக் கூடாது. அதில் நான் பையன் பக்கம்தான். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் சி.ஏ.ஓ.வில் படிப்புகளின் விருப்ப வரிசையை ஜூலை 1 வரை மாற்றலாம். அந்தப் பட்டியலை அவனே உட்கார்ந்து போடட்டும். பெரியப்பாவுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்.