காரணி தெரியாமல் எப்படிச் சொன்னார்?

அன்புள்ள ஐயா,

2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைத்தால் 147573952589676412927 கிடைக்கிறது. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 109, பிறகு 10, முடிவில் 1. இதில் ஏதேனும் சிறப்பு உண்டா? இது பகு எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் சொன்னபோது அவருக்கு ஒரு காரணியும் தெரியாதாம். அப்படியானால் அது ஊகம்தானே? 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் அதன் காரணிகளைப் பெருக்கியே காட்டினார் என்பது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது 9-ஆல் வகுத்து மீதி காண்பதுதான். 127, 8191, 524287 ஆகியவையும் அப்படியே 1-இல் வந்து நிற்கும். எண் சோதிடக்காரர்களின் வேலையை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்? கோலின் மௌனம் பலரும் சொல்லிவரும் அழகான கதை. அவர் பேசியிருந்தாலும் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் அதே எண்தான் வரும்.

ஆனால் ‘ஊகம்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர், காரணியைக் காட்டாதவனுக்குப் பகு எண் என்று சொல்ல உரிமையில்லை என்று வகுப்பில் அடித்துச் சொன்னார். எதிர்த்துப் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணியைத் தேடாமலே ஓர் எண் பகு எண்ணா என்று அறியும் லூக்காஸின் சோதனையைப் பின்னாளில் அமெரிக்கக் கணிதவியலாளர் லெமர் எளிமையாக்கினார். அந்த வடிவில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2-இன் ஒற்றைப்படைப் பகா எண் அடுக்கிலிருந்து 1 குறைத்த எண்களுக்கே இது பொருந்தும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி 0 என்றால் அந்த எண் பகா எண், இல்லையென்றால் பகு எண். 127-க்கு, அதாவது 7-ஆம் அடுக்குக்கு, 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தே படிகளில் முடிந்துவிடுகிறது. 11-ஆம் அடுக்குக்குரிய 2047-க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது. ஆகவே அது பகு எண். இதில் ஊகம் எங்கே இருக்கிறது? அதே வேளையில், 1736-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 2047-இன் காரணிகளான 23-உம் 89-உம் அதில் தென்படமாட்டா. உடையும் என்று அறிவதும் எங்கே உடையும் என்று அறிவதும் வெவ்வேறு அறிவுகள். முதலாவதற்கு இரண்டாவது தேவையே இல்லை.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67-க்கும் பகா எண் தரும் அடுக்காக இடம் கிடைத்திருந்தது. அதை வீழ்த்த லூக்காஸின் அறிவே போதுமானதாக இருந்தது. காரணிகள் கிடைக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. காரணி 134-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது தெரிந்தும், சிறிய காரணி 14,45,580-ஆவது மடங்கை அடுத்து ஒளிந்திருந்தது. கணினி வந்தபின் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள்: 2-இன் 1277-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைத்த 385 இலக்க எண் பகு எண் என்பது நிரூபிக்கப்பட்டது, ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.